செவ்வாய்க்கிழமை ஏறாத பலகை

ராடோய் முப்பது வருஷத்துக்கு மேல் பனியில் சறுக்கியவன். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடப் புதுப் பலகையில் ஏறியதில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் விடுதியில் மறந்துவிட்டுப் போனது, வாடகைக் கடைக்காரர் இனித் தேறாது என்று ஓரங்கட்டியது, மச்சான் ஸ்டாமென் தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டது என்று, யார் யாரோ மிதித்துத் தேய்த்ததுதான் அவன் காலுக்கு வந்து சேரும். ஒன்றுக்கு மூக்கு உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கும். இன்னொன்றில் ஏதோ ஒரு ஆங்கிலேயப் பையன் தன் காதலியின் பெயரைக் கத்தியால் கீறி வைத்திருந்தான். ராடோய் ஐந்து குளிர்காலம் அந்த ஜெனிஃபரோடுதான் மலை இறங்கினான். மனைவி வெலிச்காவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வேலையும் அப்படி வாய்த்தது. பிரின் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் நாற்காலி லிஃப்டின் கீழ் நிலையத்தில் அவன் நிற்பான். கம்பியில் தொங்கியபடி சுற்றி வரும் நாற்காலியைக் கையால் பிடித்துக் கொஞ்சம் தாமதப்படுத்தி, ஏறுகிறவர்களின் முழங்காலில் இடிக்காமல் உட்கார வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கண்முன்னே பளபளவென்று புதுப் பலகைகள் போகும். பந்தியில் பரிமாறுகிறவன் பசி யாருக்குத் தெரியும்? அவனும் சொன்னதில்லை.

ஐம்பத்தொரு வயதில், போன ஜனவரியில், தலைநகர் சோபியாவிலிருந்து அவன் பெயருக்கு ஒரு நீளமான பெட்டி வந்து இறங்கியது. வெலிச்காவிடம் பாதி விலைதான் சொன்னான். அவளோ முழு விலையையும் போனில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். "பரவாயில்லையே, மலிவாத்தான் கெடச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் சில பொய்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் மரியாதை.

இத்தனை காலம் வாங்காதவன் அந்த ஜனவரியில் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. ஸ்டாமென் ஊரை விட்டுப் போகிறான்.

ஸ்டாமென் வெலிச்காவின் அண்ணன். அதற்கு முன்பே ராடோயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டவன். லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரக்கொட்டகை வைத்து, பலகைகளுக்கு மெழுகு போடுவதும் ஓரம் தீட்டுவதுமாக இருந்தான். மனைவி தவறி நாலு வருஷமாகிறது. ஒரே மகள் நெவேனா சிகாகோவில். இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டில் உங்களுக்கென்று ஒரு அறை இருக்கிறது, இங்கே தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறீர்கள் அப்பா என்று அவள் அழுது அழுதே சம்மதிக்க வைத்துவிட்டாள். வீட்டைச் சோபியாக்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. கொட்டகையையும் கொடுத்தாயிற்று. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வரும்.

"அங்க மலையே கிடையாதாம் மாப்ளே. எல்லாம் தோசைக்கல்லு மாதிரி தரை. குப்பையைக் கொட்டி மேடாக்கி அதுல சறுக்குறானுங்களாம். முப்பது வருஷம் பிரின்ல இறங்குனவன் கடைசில குப்பைமேட்டுல இறங்கணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்று ஸ்டாமென் சிரிப்பான். நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அது வாயோடு நின்றுவிடும்.

இருவருக்கும் நடுவே ஒரு பழைய பேச்சு இருந்தது. கொட்டகை தொடங்கிய வருஷம் ஸ்டாமென் முதன்முதலாகப் புதுப் பலகை ஒன்று வாங்கினான். ராடோய்க்கு அப்போது சேர்ந்தாற்போல இரண்டு நாள் வேலை. மேலே முழங்காலளவு பொடிப்பனி. ஊரே மலையில் கிடந்தது. ஸ்டாமெனோ புதுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு நாளும் கொட்டகை வாசலிலேயே சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், பனியெல்லாம் மற்றவர்கள் உழுதுவிட்டுப் போனபிறகு, இருவரும் சேர்ந்து ஏறினார்கள். "நீ புதுசு வாங்குற அன்னிக்கும் இதே மாதிரிதான். முதல் ஓட்டம் ரெண்டு பேரும் சேர்ந்து" என்று சொல்லியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அதை இருவரும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராடோயைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள்.

பதினேழு வயதில், ஒரு ஆஸ்திரியாக்காரர் ஒற்றைப் பலகையில் பக்கவாட்டில் நின்றபடி மலை இறங்குவதை இவர்கள் இருவரும் பார்த்தார்கள். மறுவாரமே ராடோயின் அம்மா வைத்திருந்த துணி அலமாரியின் கதவு காணாமல் போனது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூக்கை வளைத்து, குதிரைச் சேணத்துத் தோலில் கால்பட்டை வைத்துத் தைத்து, அலமாரிக் கதவைப் பனிப்பலகை ஆக்கினார்கள். அலமாரி யாருடையதோ அவனுக்குத்தான் முதல் ஓட்டம் என்று ராடோய் ஏறினான். இரண்டு வளைவு தாண்டி ஒரு பைன் மரத்தில் போய் நின்றான். தோள் எலும்பு முறிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் வெறுவாய் என்பது எங்கள் ஊரிலும் உண்டு. ராடோயின் அம்மா செவ்வாயன்று துணிகூட வெட்டமாட்டாள். செவ்வாயில் வெட்டிய சட்டை நெருப்பில் போகும் என்பாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மகனுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு, "கதவைக் கழட்டுனதுக்கு நான் உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். செவ்வாய்க்கிழமை கழட்டுனதுக்குக் கடவுள் கவனிச்சுட்டாரு" என்றாள். அன்றிலிருந்து ராடோய் செவ்வாயில் எதையும் தொடங்கியதில்லை. கூரைக்கு ஓடு மாற்ற மாட்டான். முகம் மழிக்கப் புது பிளேடுகூடப் பிரிக்கமாட்டான். திங்கட்கிழமை பிளேடு தீர்ந்துபோனால் புதன்கிழமை வரை தாடியோடு திரிவான்.

ஸ்டாமெனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "நீ விழுந்தது செவ்வாயால இல்லடா. கீழ என் தங்கச்சி நின்னுக்கிட்டிருந்தா. நீ மரத்தைப் பார்க்கலை, அவளைப் பார்த்தே" என்பான். வெலிச்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை ராடோய்க்கு வார விடுப்பு. பலகையைப் போர்வையில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிறவன் மாதிரி, கொட்டகைக்குக் கொண்டுவந்தான். உள்ளே அலமாரிகள் காலி. எல்லாம் பெட்டிக்குப் போயிருந்தது. இரும்படுப்பும், மேசையும், மெழுகு உருக்கும் இஸ்திரிப்பெட்டியும் மட்டும் மிச்சம்.

போர்வையை விலக்கிவிட்டு ராடோய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி எட்ட நிக்கிறே? தொடு. கடிக்காது."

"கை எண்ணெயா இருக்கு மச்சான்."

"உன் கையில எண்ணெய் இல்லாத நாள்தான் எது? இந்தா, துடை."

புதுப் பலகையை அப்படியே பனியில் இறக்கினாலும் யாரும் கைது செய்யப்போவதில்லை. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் இறக்கமாட்டார்கள். தொழிற்சாலையில் பூசி அனுப்புகிற மெழுகு, பெட்டிக்குள் கெடாமல் இருப்பதற்கு. ஓடுவதற்கு இல்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் மிருதுவான மெழுகை உருக்கித் தேய்க்க வேண்டும். அடிப்பக்கம் அதைக் குடிக்கும். ஆறவிட்டுச் சுரண்டி, பிரஷ் போட்டு, அதன்மேல் அன்றைய குளிருக்கு ஏற்ற மெழுகு. கடுங்குளிருக்குக் கெட்டியானது, ஈரப்பனிக்கு இளகினது. பலகையைச் சுற்றி ஓடும் இரும்பு ஓரம் புதுசில் கத்தி மாதிரி இருக்கும். மூக்கிலும் வாலிலும் அதைக் கொஞ்சம் மழுக்காவிட்டால், திரும்பும்போது பனியைக் கவ்வி ஆளைக் குப்புறத் தள்ளும்.

ஸ்டாமென் ஓரத்தை மழுக்கினான். ராடோய் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டான். பிறகு கால்பட்டைகளைத் திருகும் வேலை. எந்தக் கால் முன்னே, எவ்வளவு அகலம், எந்தச் சாய்வு என்று புதிதாக வருகிறவர்களிடம் கேட்டுக்கேட்டுத்தான் ஸ்டாமென் திருகுவான். ராடோயிடம் ஒன்றும் கேட்கவில்லை. வலது காலை முன்னால் வைத்து, பின்காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, திருகாணியை இறுக்கிவிட்டான்.

"அளந்து பார்க்கலையா மச்சான்?"

"உன் கோணக்காலை இத்தனை வருஷமாப் பனியில தடம் பார்த்துக்கிட்டு வர்றேன். அளக்கணுமாக்கும்."

ராடோய் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தான். அவனே அளந்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்காது. சந்தோஷத்தில் இறங்கி மறுபடியும் ஏறி நின்றான்.

முதல் மெழுகு போட்டுச் சுரண்டி முடித்தபோது மூன்று மணி. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. லிஃப்ட் நாலு மணி வரை ஓடும். ஸ்டாமென் மேலங்கியை எடுத்து மாட்டினான்.

"வா. ஒரு ஓட்டம்."

"இப்பவா? ஒரு தடவைதானே மெழுகு போட்டிருக்கு."

"ஒண்ணு போதும். ஓடும்."

"ஓடும். ஆனா நல்லா ஓடாது. இன்னொரு தடவை மிருதுவா, அதுக்கு மேல கெட்டி மெழுகு. ராத்திரி முழுக்க ஆறணும். நீதானே எல்லாருக்கும் சொல்லுவே, அவசரப்பட்டா பலகை பாழுன்னு?"

"அது காசு குடுக்கறவனுக்குச் சொல்றதுடா. பலகைக்கு மெழுகு போடறோமா, பொணத்துக்குத் தைலம் பூசுறோமா? வா, மாப்ளே."

ராடோய் பலகையைப் பார்த்தான். முப்பது வருஷம் ஓட்டை உடைசலோடு இறங்கியவன். இந்த ஒன்றாவது ஒரு குறையும் இல்லாமல் பனியில் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? அவனே இப்போது சொல்லிக்கொள்கிறான்.

"முழுசாப் பண்ணிடலாம் மச்சான். அப்புறம் போவோம்."

ஸ்டாமென் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சரி. அப்ப நாளைக்கு."

ராடோய் இஸ்திரிப்பெட்டியின் சூட்டைச் சோதிக்கிற மாதிரி அதைக் கையில் எடுத்தான். "நாளைக்கு…"

"என்ன?"

"நாளைக்குச் செவ்வாய்."

ஸ்டாமென் அவனைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்கம்மா செத்துப் பன்னிரண்டு வருஷமாச்சுடா!"

"புதன்கிழமை காலைல முதல் நாற்காலி. வேன் ஒன்பதுக்குத்தானே? எட்டுக்கே ஏறிடலாம். நான்தானே லிஃப்டுல நிக்கறேன், நம்மளை விட்டுட்டு யாரு முன்னால ஏறுறது? இறங்குனதும் நேரா வேனுக்கு."

"காத்தடிச்சா?"

"ஏன் மச்சான் வாயை வைக்கறே? காத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அதற்குமேல் ஸ்டாமென் வாதாடவில்லை. புதுசு வாங்கியவன் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ராடோய் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தான். ரக்கியா சாராயத்தில் முதல் சொட்டைப் பலகையின் மூக்கில் தெளித்துவிட்டு, வெலிச்கா போட்டுக் கொடுத்த ஊறுகாய் முட்டைக்கோஸை விரலால் எடுத்துத் தின்றபடி இருவரும் குடித்தார்கள். மிருதுவான மெழுகை இன்னொரு தடவை போட்டுச் சுரண்டி, அதன்மேல் கெட்டி மெழுகை உருக்கி ஊற்றி, தேய்த்து, சுரண்டாமல் அப்படியே மேசையில் ஆறவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய் விடிந்தபோது மலை முழுக்கப் புதுப்பனி. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று மூச்சுக்கூட விடவில்லை. சுள்ளென்ற குளிர். இப்படி ஒரு நாள் குளிர்காலத்துக்கு இரண்டோ மூன்றோ வந்தால் அதிகம். ராடோய் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பத்து மணிவாக்கில் ஸ்டாமென் வந்தான். ஒரு கக்கத்தில் தன் பழைய பலகை. இன்னொரு கக்கத்தில் ராடோயின் புதுசு.

விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போய், ஆறிய மெழுகைச் சுரண்டி, மூன்று விதப் பிரஷ் போட்டுத் தேய்த்து முடித்திருக்கிறான். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அதில் ராடோயின் முகமும் குல்லாவும் தெரிந்தன.

"எல்லாம் ஆச்சு. ராத்திரி முழுக்க ஆறியாச்சு. குளிரும் அந்த மெழுகுக்குன்னே வந்திருக்கு. ஏறு."

லிஃப்டில் ராடோயோடு வேலை பார்க்கும் விக்ரென், முப்பது வயதுக்காரன், சுவிட்ச் அறையிலிருந்து தலையை நீட்டினான். "போங்கண்ணே, நான் பார்த்துக்கறேன். ஒரு மணி நேரம்தானே? நீங்க இல்லாட்டி நாற்காலி சுத்தாதா என்ன?"

ராடோய் கையுறையைக் கழற்றினான். மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"நாளைக்குன்னு பேசிட்டோமே மச்சான்."

"பேசினோம். இன்னிக்கு மலையைப் பாரு. பாருடா. இதை விட்டுட்டு நாளைக்கா?"

"முதல் ஓட்டம். செவ்வாய்க்கிழமை வேண்டாம்."

"விக்ரென், இந்த ஆளு கல்யாணம் செவ்வாய்க்கிழமை வந்திருந்தா என் தங்கச்சி தப்பிச்சிருப்பா தெரியுமா?"

விக்ரென் சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் பாஷை புரியாமலே சிரித்தார்கள். ராடோய் சிரிக்கவில்லை. ஸ்டாமெனும் நிறுத்தினான். பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னான்.

"டேய். நான் உனக்காக ரெண்டு நாள் காத்துக்கிட்டிருந்தேன். நீ எனக்காக ஒரு செவ்வாயை விட முடியாதா?"

ராடோயிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன் பயந்தது தன் எலும்புக்கு இல்லை. ஸ்டாமெனுக்கு. மறுநாள் விமானம் ஏறப்போகிறவன். செவ்வாயில் தொடங்கிய காரியம் யார் தலையில் விடியும் என்று யார் கண்டது? முதல் தடவை இவன் தோள் போனது. இந்தத் தடவை அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கூட்டிப்போனவன் நானல்லவா என்று நினைத்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால் ஸ்டாமென் திட்டியிருப்பான், கட்டிப்பிடித்திருப்பான், இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் தள்ளியிருப்பான். இந்த மனுஷன் சொன்னது வேறு.

"நாளைக்கு எட்டு மணிக்கு. முதல் நாற்காலி. சொன்னாச் சொன்னதுதான்."

"சரி மாப்ளே" என்றான் ஸ்டாமென்.

புதுப் பலகையைச் சுவிட்ச் அறையின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தனியாக ஏறினான். ராடோய்தான் நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தான். அன்று முழுக்க ஸ்டாமென் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான். முதலில் ஒவ்வொரு தடவையும் ஏதாவது குத்திப் பேசினான். "மேல பனி வெண்ணெய் மாதிரி. செவ்வாய்க்கிழமைன்னு அதுக்கு யாரும் சொல்லலை போல." அப்புறம் அப்புறம் பேச்சு குறைந்தது. கடைசித் தடவை நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்து இடம் காலியாகவே மேலே போனது.

புதன்கிழமை காற்று அடித்தது.

விடியும் முன்பே கூரைத் தகரம் படபடத்தது. ராடோய் படுக்கையில் கிடந்து அதைக் கேட்டான். லிஃப்டுக்குப் போனபோது நாற்காலிகள் கம்பியில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. ஸ்டாமென் பயணத்துக்கான நல்ல கால்சட்டையும், அதன்கீழே சறுக்குப் பூட்ஸுமாக வந்து நின்றான். வேனில் வைத்து ஷூ மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எட்டு மணிக்கு மேல்நிலையத்திலிருந்து வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. இன்று ஓடாது, சங்கிலியைப் போடு.

சங்கிலியை மாட்ட வேண்டியவன் ராடோய்தான். மாட்டினான். லிஃப்ட் ஓடாது என்கிற சிவப்பு அட்டையையும் அதில் தொங்கவிட்டான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல குறையலாம்" என்றான்.

"குறையலாம்" என்றான் ஸ்டாமென்.

இருவரும் சுவிட்ச் அறைச் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி நின்றார்கள். புதுப் பலகை முதல்நாள் சாய்த்த இடத்திலேயே இருந்தது. நடந்து ஏறி முதல் வளைவிலிருந்தாவது இறங்கலாமா என்று ராடோய் கேட்டான். எதிரே பத்தடிகூடத் தெரியவில்லை. அதோடு வேன் வந்து ஹார்ன் அடித்தது. ஸ்டாமென் பனியிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கயிறுகளை முடிச்சுப் போட்டு ராடோயின் தோளில் மாட்டினான். இஸ்திரிப்பெட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தான். அதையும் கொடுத்தான்.

"அங்க இதை வச்சு நான் என்ன பண்ண? நெவேனா சட்டை தேய்ச்சுடுவா. நீயே வச்சுக்கோ. ஈஸ்டருக்கு வர்றேன். அதுவரைக்கும் தொடாம வச்சிருப்பியா?"

"தொடமாட்டேன் மச்சான்."

"கிறுக்கா, சும்மா கேட்டேன். நாளைக்கே ஓட்டு. நாளைக்கு வியாழன்."

வெலிச்கா குடத்தோடு வந்திருந்தாள். ஊருக்குப் போகிறவன் முன்னால் தண்ணீர் ஊற்றினால் போகிற காரியம் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் ஓடும் என்பது வழக்கம். அவள் அண்ணனின் காலடியில் ஊற்றினாள். அந்தக் குளிரில் தண்ணீர் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. ராடோய் ஓடிப்போய் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தூவினான், மச்சான் வழுக்கிவிடக் கூடாதென்று. சாம்பலை மிதித்து ஸ்டாமென் வேனில் ஏறினான்.

பதினோரு மணிக்குக் காற்று நின்றது. ராடோய் சங்கிலியைக் கழற்றினான்.

அதற்கப்புறம் நல்ல நாட்கள் வராமல் இல்லை. பிப்ரவரியில் இரண்டு வாரம் பனி வாரிக் கொட்டியது. ராடோய் பழைய ஜெனிஃபரைத்தான் எடுத்துக்கொண்டு போனான். புதுசு வீட்டில் அலமாரி மேல் படுத்துக் கிடந்தது. ஈஸ்டருக்கு மச்சான் வரட்டும் என்றான். வெலிச்காவுக்கு அலுத்துவிட்டது.

"ஐகான் சாமிப்படம் மாதிரி தூக்கி மேல வச்சாச்சு. ஒரு மெழுகுவத்தியும் ஏத்திடுங்க. நான் போறப்ப வர்றப்ப சிலுவை போட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சிகாகோவிலிருந்து போன் வரும். குழந்தைகள், குளிர், கடையில் விற்கிற தயிர் தயிரே இல்லை என்கிற புலம்பல். கடைசியில் ஒரே கேள்வி: "ஓட்டுனியா?" ஒரே பதில்: "நீ வா." அதைக் கேட்டதும் ஸ்டாமென் கொஞ்சம் சந்தோஷப்படுவான் என்று ராடோய் நினைத்திருந்தான். சந்தோஷப்பட்டானா என்பது ஸ்டாமெனுக்குத்தான் தெரியும்.

மார்ச் மாதம், வசந்தம் நல்லபடி வர எங்கள் ஊரில் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் கயிறு எல்லோர் மணிக்கட்டிலும் ஏறிய சில நாட்களில், ஞாயிறு இல்லாத ஒரு நாள் போன் வந்தது. நெவேனா பேசினாள். அப்பா குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனார், வாசலில் உறைந்திருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பார், கம்பு ஊன்றி நடப்பார். பலகைப் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் பயணமும் இல்லை.

மலையில் முப்பது வருஷம் விழாதவன் மகள் வீட்டு வாசலில் விழுந்தான். வெலிச்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஊத்துன தண்ணி உறைஞ்சுது. அன்னிக்கே எனக்கு மனசுல பட்டுச்சு" என்று அழுதாள். ராடோய் அவளைத் தேற்றவில்லை. எந்தக் கிழமை விழுந்தார் என்று நெவேனாவிடம் கேட்டிருந்தான். சனிக்கிழமையாம்.

மறுநாள் காலை அலமாரி மேலிருந்து பலகையை இறக்கினான். வெலிச்கா ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்க."

"தெரியும்."

"வெளிய எல்லாம் உருகுது. ஜனவரி மெழுகோடவா போறீங்க? அண்ணன் குடுத்த இஸ்திரிப்பெட்டி இருக்குல்ல, மாத்திப் போட்டுக்கிட்டுப் போங்களேன்."

அவள் ஸ்டாமெனின் தங்கை. அவளுக்கா தெரியாது? ராடோய்க்கும் தெரியும். அரை மணி நேர வேலை. ஆனால் புது மெழுகு போட வேண்டுமானால் பழையதைச் சுரண்டி எறிய வேண்டும். ஸ்டாமென் விடியற்காலையில் தனியாகப் போய், மூன்று பிரஷ் போட்டு, இவன் முகம் தெரிகிற வரை தேய்த்தது. அந்தக் கைவேலையைச் சுரண்டிக் குப்பையில் கொட்ட ராடோய்க்கு மனசு வரவில்லை. பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

விக்ரென் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தான். ராடோய் ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் விட்டிருந்ததை மேலே போய்ச் சேர்ந்தபிறகுதான் கவனித்தான்.

உச்சியில் நிழலிருந்த இடத்தில் பலகை ஓடியது. ஐந்தாறு வளைவு. கால் நினைத்தது பலகைக்குத் தெரிந்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒன்றில் நின்றதில்லை. அதற்குப் பிறகு வெயில் பட்ட சமவெளி வந்தது. கெட்டி மெழுகு ஈரப்பனியில் ஓடாது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி பலகை நின்றது. ராடோய் முன்னால் போய் முகத்தோடு விழுந்தான். எழுந்து, பனியைத் துப்பி, மறுபடியும் தள்ளிப் பார்த்தான். ஒரு அடி போனது. நின்றது. பட்டைகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கிக்கொண்டு, மிச்ச மலையை நடந்தே இறங்கினான். ஆங்கிலேயப் பிள்ளைகள் சிலர் அவனைத் தாண்டிச் சர்சர்ரென்று போனார்கள்.

அன்று மாலை அவனே சிகாகோவுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஸ்டாமென் எடுத்தான். குரல் சின்னதாகியிருந்தது.

"ஓட்டுனேன் மச்சான்."

"நெஜமாவா? எப்படி?"

"மேல நல்லா ஓடுச்சு. கீழ ஒட்டிக்கிச்சு. நடந்துதான் வந்தேன்."

"என்ன மெழுகு?"

"நீ போட்டதுதான்."

 தூரத்தில் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்றது.

"அது ஜனவரிக் குளிருக்குப் போட்டதுடா. சுரண்டிட்டு வேற போட வேண்டியதுதானே?"

"போடலாம்."

"போடமாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?" ஸ்டாமென் மூச்சு வாங்கினான். பிறகு கேட்டான். "இன்னிக்கு என்ன கிழமை அங்க?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமையா ஏறுனே?"

"ஆமா."

"ஏதாவது ஆச்சா மாப்ளே?"

ராடோய் மணிக்கட்டிலிருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தான். வெலிச்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒண்ணும் ஆகலை மச்சான்" என்றான். "ஒண்ணுமே ஆகலை."

அதற்குப் பிறகும் நெடுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.